பிரிப்பதா, விடுவதா?

ஊசியும் நூலும் கையில் எடுத்தவர் எவருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். வேலை பாதிக்கு மேல் நடந்திருக்கிறது. அப்போது ஒரு பிழை கண்ணில் படுகிறது. இப்பொழுது செய்த பிழையன்று. இருபது வரிசைக்கு முன்னே, நேற்று மாலையே நேர்ந்துவிட்ட பிழை. இனி என்ன செய்வது? அதுவரை பின்னியதையெல்லாம் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதா? அல்லது காணாதது போல் மேலே போவதா?

இது அற்பக் கேள்வி என்று சிலர் நகைக்கலாம். ஆனால் சற்று நின்று யோசித்தால், படுக்கைக்குப் போகுமுன் ஆத்தும சோதனை செய்கிற ஒவ்வொரு கிறிஸ்தவனும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறான் என்பது விளங்கும். கண்ட குற்றத்தை என்ன செய்வது? இதற்குச் சரியான விடை தெரியாததனால் சமாதானம் இழந்த ஆத்துமங்கள் அநேகம். ஆகையால், அன்பான வாசகர்களே, இந்த வாரம் தையல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்சம் சிந்திப்போம்.

முதலாவது பொழுதுபோக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இக்காலத்தில் ஆயத்த ஆடைகள் கடைதோறும் மலிந்து கிடக்கின்றன. துணியும் நூலும் வாங்கி, பல மாலைப் பொழுதுகளைச் செலவிட்டு வீட்டில் தைப்பதைவிடக் கடையில் வாங்குவது பல வேளைகளில் மலிவு. அப்படியிருந்தும் தைப்பவர்கள் தைக்கிறார்கள், பின்னுகிறவர்கள் பின்னுகிறார்கள். இது காலத்தை வீணாக்குவதாகுமா? ஆகாது என்பதே திருச்சபையின் வேதசாஸ்திரிகளின் தீர்ப்பு. உடல் களைத்தால் ஓய்வு வேண்டியிருப்பது போலவே மனம் களைத்தாலும் ஓய்வு வேண்டும் என்றும், அந்த ஓய்வு அளவோடு இருந்தால் அது புண்ணியத்தைச் சேர்ந்ததே என்றும் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் எழுதினார். அதற்குச் சான்றாகப் பழைய பிதாக்களின் நூலிலிருந்து ஒரு கதையும் எடுத்துச் சொல்கிறார். சுவிசேஷகரான அர்ச். அருளப்பர் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறலடைந்தார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அழைத்து அம்பு எய்யச் சொன்னார் அருளப்பர். அவன் பல முறை எய்த பின், இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று வினவினார். அப்படிச் செய்தால் வில் ஒடிந்துவிடும் என்றான் அவன். மனிதனுடைய மனமும் அப்படித்தான் என்றார் அப்போஸ்தலர்.

ஊசி வேலைக்குப் பழமையான மேன்மையும் உண்டு. ஜெர்மனியில் புக்ஸ்டெஹூடே என்னும் ஊரின் பீடத்துக்காக 1400-ஆம் ஆண்டையொட்டி வரையப்பட்ட படமொன்று இப்போது ஹாம்பர்க் நகரின் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் தேவமாதா அமர்ந்து நான்கு ஊசிகளைக் கொண்டு ஒரு சிறு அங்கியை வட்டமாகப் பின்னிக்கொண்டிருக்கிறாள். பாலனாகிய சேசு அருகில் இருக்கிறார். சம்மனசுகளோ சிலுவையையும் ஆணிகளையும் ஏந்தி வந்து நிற்கிறார்கள். வட்டமாகப் பின்னுகிற உடுப்புக்குத் தையல் மூட்டு கிடையாது என்பது பின்னத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நம் ஆண்டவருடைய அங்கி தையலில்லாமல் முழுவதும் ஒன்றாய் நெய்யப்பட்டிருந்தது என்றும், அதனால் சேவகர்கள் அதைக் கிழிக்க மனமின்றிச் சீட்டுப் போட்டார்கள் என்றும் அர்ச். அருளப்பர் எழுதியிருக்கிறார் அல்லவா? அதை நினைத்தே ஓவியர் தாயின் கையில் பின்னல் ஊசிகளைக் கொடுத்தார்.

இந்த வேலையின் இன்பம் செய்தவர்களுக்கே தெரியும். வெறும் நூற்கண்டாய்க் கிடந்தது ஒரு வாரத்தில் கைக்குழந்தையின் தொப்பியாகிறது. சிறு துண்டாய் மூலையில் கிடந்த பூத்துணி, பேத்தியின் கவுனுக்குக் கழுத்துப் பட்டியாகிறது. ஜெபமாலையின் மணிகள் விரலில் நகர்வது போலவே கண்ணிகள் ஊசியில் ஒவ்வொன்றாய் நகர்கின்றன. அத்துடன் மனமும் அடங்குகிறது. மழைக்காலத்து மாலையில் தாயும் மகளும் ஒரே விளக்கின் கீழ் அமர்ந்து, ஒருத்தி காஜா எடுக்க, மற்றவள் பொத்தான் தைக்க, இடையிடையே வீட்டுச் சங்கதிகளைப் பேசிக்கொள்வது எவ்வளவு நல்ல காட்சி!

ஆனால் இன்பம் உள்ள இடத்தில் சங்கடமும் உண்டு. இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டுப் பிறகு விழிப்பவர் உண்டு. சட்டைப் பையைத் தைக்கும்போது அடியில் கிடந்த முதுகுத் துணியையும் சேர்த்துத் தைத்துவிடுபவர் உண்டு. பருத்தித் துணியை நனைத்து உலர்த்தாமலே வெட்டித் தைத்து, முதல் சலவையில் அது சுருங்கியதும் ரவிக்கை மகளுக்குப் போகாமல் மகளின் தங்கைக்குப் போவதும் உண்டு. கம்பளி நூல் போதாமல் மறுபடி கடைக்கு ஓடி, அதே நிறம் என்று வாங்கி வந்து பின்னி முடித்த பின் பார்த்தால், வேறு வேளையில் சாயமிட்ட நூல் ஆகையால் மார்பின் குறுக்கே ஒரு பட்டை தெரியும். அருமையாய்ப் பின்னிய கம்பளிச் சட்டையை யாரோ வெந்நீரில் போட்டு அலசிவிட, அது பொம்மைக்குப் பொருந்தும் அளவில் கெட்டியாகிப்போவதும் நாம் அறியாததல்ல.

கூலிக்குத் தைக்கிறவருக்கு வாடிக்கைக்காரர் நீதிபதி. பிழை இருந்தால் அவர் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார். பொழுதுபோக்காய்த் தைக்கிறவருக்கோ மேற்பார்க்க ஒருவருமில்லை, கெடுவும் இல்லை. பிழையைக் கண்டது அவருடைய கண். தீர்ப்புச் சொல்ல வேண்டியது அவருடைய மனமே. ஆகையால்தான் இந்தச் சிறிய வேலை மனச்சாட்சிக்கு ஒரு பாடசாலையாகிறது.

அனுபவமுள்ள கைகளைக் கவனித்தால், அவை எல்லாப் பிழைகளையும் ஒரே விதமாய் நடத்துவதில்லை என்பது தெரியும்.

சில பிழைகளை அவை விட்டுவிடுகின்றன. உள்மடிப்பில் தையல் ஒரு நூலளவு கோணிப்போனது. ஒரு கண்ணி மற்றவற்றைவிடக் கொஞ்சம் தளர்ந்தது. இவை உடுப்பின் பலத்தையும் கெடுப்பதில்லை, உருவத்தையும் கெடுப்பதில்லை. இரண்டு முறை துவைத்தால் தளர்ந்த கண்ணி பக்கத்துக் கண்ணிகளோடு தானே சமனாகிவிடும். அடுத்த வரிசையைக் கவனமாய்ப் பின்னுவதே இதற்குப் பரிகாரம். ஜெபத்தில் வலிய வந்த பராக்கு, களைப்பினால் வந்த சோர்வு, சொல்ல நினைத்த நன்றியை மறந்துபோனது போன்ற நம் பலவீனங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

வேறு சில பிழைகளை அவை எடுத்துத் தூக்குகின்றன. ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால், அதை விட்டுவிடக் கூடாது. இழுக்க இழுக்க வரிசை வரிசையாய்க் கீழே இறங்கி ஏணிபோல் இடைவெளி விடும். ஆனால் அதற்காக முழுவதையும் பிரிக்கவும் வேண்டியதில்லை. கொக்கி ஊசியை நழுவிய கண்ணிக்குள் விட்டு, ஏணியின் முதற்படியாகிய இழையை அதன் வழியே இழுத்து, பின் அடுத்த படி, அதற்கடுத்த படி என்று மேலே கொண்டுவந்து மறுபடி பின்னல் ஊசியில் மாட்டிவிட்டால், அங்கே பிழை நேர்ந்ததே தெரியாது. கோபத்தில் மனைவியைக் கடிந்து பேசிய வார்த்தை, அண்டை வீட்டாரோடு வந்த மனத்தாங்கல் ஆகியவை இப்படிப்பட்டவை. அன்றே தூக்கினால் ஒரே படி. ஆறு மாதம் கழித்தால் அறுபது படி.

மூன்றாம் வகைப் பிழை அடித்தளத்தில் இருப்பது. தொடக்கத்திலேயே கண்ணிகளின் எண்ணிக்கை தவறிவிட்டால், அல்லது அளவே தவறாய் எடுக்கப்பட்டிருந்தால், மேலே எவ்வளவு அழகாய்ப் பின்னினாலும் அது உடுப்பாகாது. இங்கே இரக்கம் காட்டுவது மடமை, பிரிக்கத்தான் வேண்டும். அநியாயமாய் வந்த பணத்தின்மேல் கட்டிய வீடு, பொய்யின்மேல் நடத்துகிற வியாபாரம், மன்னிக்க மாட்டேன் என்று சபதம் செய்துகொண்டு செய்கிற தர்மம் ஆகிய இவற்றையெல்லாம் மேற்பூச்சினால் சரிசெய்ய முடியாது. பிரிப்பது வேதனைதான். ஆனால் பிரித்த நூல் வீணாவதில்லை என்பதைக் கவனியுங்கள். பிரித்த கம்பளி நூல் சுருண்டு சுருண்டு, பழைய பின்னலின் அடையாளத்தோடு இருக்கும். அதைச் சிட்டமாய்ச் சுற்றி, தண்ணீரில் நனைத்து, தொங்கவிட்டு உலர்த்தினால், நெளிவு நீங்கி நூல் மறுபடி நேராகும். மனஸ்தாபக் கண்ணீரில் நனைந்த ஆத்துமத்துக்கும் சர்வேசுரன் இப்படியே புது நேர்மையைத் தருகிறார்.

நான்காம் வகை ஒன்று உண்டு. அது கத்தரிக்கோல் செய்த பிழை. ஊசி செய்ததைப் பிரிக்கலாம். கத்தரி செய்ததைப் பிரிக்க இயலாது. கழுத்தை இரண்டு விரற்கடை அகலமாய் வெட்டிவிட்டால், வருந்தி அழுதாலும் துணி ஒட்டாது. பிறருடைய நற்பெயரைக் கெடுத்துப் பேசிய பேச்சு இத்தகையது. அதற்கு வருத்தம் மட்டும் போதாது. ஒட்டுப்போட்டோ, பட்டி வைத்தோ ஈடு செய்ய வேண்டும். கெடுத்த பெயரைக் கூடியமட்டும் திரும்ப நிலைநாட்டக் கடமை உண்டு என்று திருச்சபை போதிக்கிறது. அதையும் விவேகத்தோடு செய்ய வேண்டும். பழைய வஸ்திரத்தில் கோடித் துணியை ஒட்டுப்போட்டால், அந்த ஒட்டு பழையதை இழுத்துக் கிழிசலை அதிகமாக்கும் என்று நம் ஆண்டவர் ஓர் உவமையில் சொன்னார். கோடித் துணி நனைந்தால் சுருங்கும் என்று அவர் அறிந்திருந்தார். நாசரேத்தூரில் தாயின் ஊசி வேலையைப் பார்த்து வளர்ந்தவர் அல்லவா? அவர் அந்த உவமையைச் சொன்னது வேறு கருத்தைப் பற்றி. ஆயினும், அவசரப்பட்டுச் செய்கிற பரிகாரம் சில வேளை புதுக் கிழிசலாகும் என்பதையும் அதிலிருந்து நாம் கற்கலாம். ஊருக்கெல்லாம் தெரியாத பழியை மறுப்பதாக எண்ணி ஊருக்கெல்லாம் பரப்புவது பரிகாரமாகாது.

இந்த நான்கையும் பகுத்தறிவதே விவேகம். இதில் தவறுகிறவர்கள் இரு திறத்தார்.

ஒரு திறத்தார் எதையும் பிரிக்க மாட்டார்கள். "யார் பார்க்கப்போகிறார்கள்?" என்பது அவர்களுடைய வேதவாக்கு. நழுவிய கண்ணியின்மேல் ஒரு பூ வைத்துத் தைத்துவிட்டுப் போவார்கள். பூவின் கீழே ஏணி இறங்கிக்கொண்டே இருக்கும். தளர்ந்த மனச்சாட்சி என்பது இதுவே.

மற்றத் திறத்தார் எதையும் விட மாட்டார்கள். நான்கு வரிசை பின்னுவார்கள், ஐந்து வரிசை பிரிப்பார்கள். அவர்களுடைய கைவேலை ஒருநாளும் முடிவதில்லை. பலமுறை பிரித்த நூலும் மெலிந்து, பிசிறு பிசிறாய்ப் போய்விடும். ஆத்தும காரியத்தில் இதற்கு வீண் சமுசயம் என்று பெயர். பாவமில்லாததைப் பாவமென்று அஞ்சுவதும், மன்னிக்கப்பட்ட பாவத்தை மன்னிக்கப்படாததென்று கலங்குவதும் இந்த நோயின் அடையாளங்கள். இது பக்தியின் உச்சம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று, இது பக்தியை அரிக்கிற பூச்சி.

அர்ச்சியசிஷ்டவர்களே இந்த நோயை அனுபவித்திருக்கிறார்கள். பிரான்சு தேசத்தில் அலான்சோன் என்னும் ஊர் லேஸ் வேலைக்குப் பேர்போனது. ஊசியால் மட்டும் செய்யப்படும் அந்த லேஸில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம் ஆகும். 2010-இல் அது யுனெஸ்கோவின் பாரம்பரியக் கலைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவ்வூரில் 1853-இல் லேஸ் தொழிலைத் தொடங்கியவள் செலி என்னும் பெண். வேலைக்காரப் பெண்கள் தங்கள் தங்கள் வீட்டில் சிறு சிறு துண்டுகளாகச் செய்து வியாழக்கிழமைகளில் அவளிடம் கொண்டுவருவார்கள். அத்துண்டுகளை மூட்டு தெரியாமல் இணைப்பதும், இழை அறுந்த இடங்களைச் சீர்செய்வதும் செலியின் வேலை. குறையுள்ள துண்டை அவள் எறிந்துவிடவில்லை. குறையோடு இணைத்துவிடவும் இல்லை. அதைச் செப்பனிட்டு இணைத்தாள். அவளும் அவள் கணவர் லூயி மார்ட்டினும் 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 18-இல் அர்ச்சியசிஷ்டப் பட்டம் பெற்றார்கள்.

அவர்களுடைய கடைசி மகள்தான் அர்ச். குழந்தைத் தெரேசம்மாள். தாய் 1877-இல் புற்றுநோயால் இறந்தபோது குழந்தைக்கு நான்கு வயது. பன்னிரண்டாம் வயதில், 1885-இல், அவளை வீண் சமுசயம் பிடித்தது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு அவள் பட்ட வேதனை கொஞ்சமன்று. மிகச் சாதாரண நினைவுகளும் செய்கைகளும் அவளைக் கலங்கடித்தன. எதைப் பிரிப்பது, எதை விடுவது என்று சொல்லித்தர லேஸ்காரத் தாய் இல்லை. தன் நினைவுகளையெல்லாம் நாள்தோறும் மூத்த அக்காள் மரியாளிடம் சொல்லி, அவள் சொன்னபடி கேட்டுச் சற்று ஆறுதலடைந்தாள். அந்த அக்காளும் 1886-இல் கன்னியர் மடம் சேர்ந்துவிடவே, சிறு வயதிலேயே இறந்து மோட்சம் சேர்ந்த தன் உடன்பிறந்தார் நால்வரையும் நோக்கி மன்றாடினாள், சமாதானம் வந்தது. சர்வேசுரனிடம் பயமின்றிப் போகும் சிறு வழியைப் பிற்காலத்தில் உலகுக்குக் கற்பித்தவள் இவளே.

அர்ச். இஞ்ஞாசியாரும் 1522-இல் மன்ரேசாவில் இப்படியே துன்புற்றார். பொதுப் பாவசங்கீர்த்தனம் செய்து முடித்திருந்தும், ஏதோ விட்டுப்போயிற்று, ஏதோ விட்டுப்போயிற்று என்று திரும்பத் திரும்பப் பழைய பாவங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்; உயிரையே மாய்த்துக்கொள்ளும் சோதனையும் வந்தது. பழைய பாவங்களை இனிச் சங்கீர்த்தனம் செய்வதில்லை என்று தீர்மானித்த அன்றே விடுதலையடைந்தார். அவர் பிற்பாடு எழுதி வைத்த புத்தி இது: பசாசு தடித்த மனச்சாட்சியை இன்னும் தடிக்கச் செய்யும், மெல்லிய மனச்சாட்சியை இன்னும் மெல்லியதாக்கிக் குழப்பும். ஆகையால் அவனுக்கு எதிர்ப்பக்கமாய் நடக்க வேண்டும். எதையும் பிரிக்காதவர் பிரிக்கப் பழக வேண்டும். எதையும் பிரிப்பவர் விடப் பழக வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் கலங்குகிறவர் தன் தீர்ப்பை நம்பாமல் ஆத்தும குருவின் சொல்லுக்குக் கீழ்ப்படிய வேண்டும். கவனத்தோடு சோதித்து, மெய்யான மனஸ்தாபத்தோடு சொல்லி, குருவானவரிடம் மன்னிப்புப் பெற்ற பாவம் மன்னிக்கப்பட்ட பாவமே. அதை மறுபடி சொல்லியாக வேண்டுமென்ற கடமை இல்லை.

இந்த விவேகம் குடும்பத்துக்கும் வேண்டும். சில வீடுகளில் பிள்ளை வாயைத் திறந்தால் குற்றம், மூடினால் குற்றம். தகப்பனார் எந்நேரமும் பிரிக்கிற ஊசியோடே நிற்கிறார். அப்படி வளர்ந்த பிள்ளை பலமுறை பிரித்த நூலைப்போல் மெலிந்துவிடும். வேறு சில வீடுகளிலோ பிள்ளை பொய் சொன்னாலும் திருடினாலும், "சின்னப் பிள்ளைதானே" என்று பூ வைத்து மறைக்கிறார்கள். இரண்டும் அன்பன்று. பேச்சின் துடுக்கை விட்டுவிடலாம். பொய்யை அன்றே தூக்க வேண்டும்.

நாம் தைத்ததைப் பிறருக்குக் கொடுக்கையிலும் ஒரு சோதனை வருகிறது. குறை உள்ளதை ஏழைக்குக் கொடுக்கலாமா? இதற்கு எளிய அளவுகோல் உண்டு. இதே குறையோடு இந்தச் சட்டையை உன் சொந்தப் பிள்ளைக்கு உடுத்திக் கோவிலுக்கு அழைத்துப்போவாயா? போவாயானால் தயங்காமல் கொடு. அழகு போதாது என்ற வெட்கத்தால் தாமதிக்காதே. குளிர் உன் நேர்த்திக்காகக் காத்திராது. அழைத்துப்போக மாட்டாயானால், "அவர்களுக்கு இது போதும்" என்று கொடாதே, முதலில் செப்பனிடு. யோப்பா பட்டணத்தில் தபித்தாள் என்பவள் இறந்தபோது, விதவைகள் அர்ச். இராயப்பரைச் சூழ்ந்து நின்று, அவள் தங்களுக்குச் செய்து கொடுத்த உடைகளைக் காட்டி அழுதார்கள் என்று அப்போஸ்தலர் நடபடி 9-ஆம் அதிகாரம் சொல்கிறது. அவ்வுடைகளின் தையல் எப்படியிருந்தது என்று வேதாகமம் சொல்லவில்லை. அவை விதவைகளிடம் போய்ச் சேர்ந்திருந்தன என்பதையே சொல்கிறது.

கடைசியாக, பின்னல் கற்பிக்கிற பெரியவர்கள் சிறுமிகளுக்குச் சொல்லும் புத்தி ஒன்று: ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் கண்ணிகளை எண்ணிப் பார். எண்ணாமலே இருபது வரிசை போகிறவள் பிழையை ஆழத்தில் புதைக்கிறாள். கண்ணிக்குக் கண்ணி நின்று எண்ணுகிறவளோ வரிசையை முடிப்பதே இல்லை. நம் நாளும் ஒரு வரிசை. அதன் முடிவில், இரவு ஜெப வேளையில், ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். விடத்தக்கதை விடுவோம், தூக்கத்தக்கதைத் தூக்குவோம், பிரிக்க வேண்டியதைப் பிரிக்கத் தைரியம் கேட்போம், வெட்டியதற்கு ஈடு செய்வோம். பிறகு வேலையை ஆண்டவர் கையில் வைத்துவிட்டு நிம்மதியாய் உறங்குவோம். காலையில் அடுத்த வரிசை இருக்கிறது.